மும்பைக் கலைஞர்களுக்கு, ஏணி வீட்டிலிருந்து

‘வீடு’ என்பதைப் பொருளாக எடுத்துப் படமும் சிற்பமும் செய்கிற மும்பைக் கலைஞர்களுக்கு வணக்கம்.

நான் தாராவிக்காரன். தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். போன மாதம் காலாகோடாவில் ஒரு கண்காட்சிக்குப் போனேன். மூன்று சுவர்களில் எங்கள் பகுதி இருந்தது. மூன்றிலும் நீல பிளாஸ்டிக் விரித்த தகரக் கூரைகள். அழகாகத்தான் இருந்தன. ஆனால் எங்கள் கூரையை நாங்கள் அப்படிப் பார்ப்பதே இல்லை, மழைக்கு முன்னால் தார்ப்பாய் கட்ட ஏறுகிற ஒரு நாளைத் தவிர.

கலைஞர் ஹேமா உபாத்யாயும் மேலிருந்துதான் பார்த்தார். வதோதராவில் பிறந்து மும்பையில் குடியேறியவர் அவர். அலுமினியத் தகடு, பழைய கார் உடைசல் என்று சேர்த்துக் குட்டிக் குட்டிக் கூரைகள் செய்து, ஓர் அறையின் சுவர்களில் பதித்தார். நான் படத்தில்தான் பார்த்தேன். 2009இல் செய்த அந்த அறைக்கு ‘8 அடி x 12 அடி’ என்று பெயர். தாராவி வீட்டின் அளவையே தலைப்பாக வைத்தாரே, அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த அளவுக்குள் நாங்கள் இரண்டு வீடு வைத்திருக்கிறோம். கீழே அண்ணாச்சி குடும்பம், ஏணிக்கு மேலே நாங்கள். அண்ணாச்சிக்கு இட்லி வியாபாரம். விடியுமுன் அடுப்பைப் பற்றவைத்தால் பலகை இடுக்கு வழியாக ஆவி முழுக்க எங்களிடம் வந்துவிடும். எங்கள் வீட்டில் யாரும் அலாரம் வைத்ததில்லை.

ஏணி இரும்பு, ஒன்பது படி, கிட்டத்தட்ட செங்குத்து. பிடித்துக்கொள்ள முடிச்சுப் போட்ட நைலான் கயிறு தொங்கும். முதலில் குடம் ஏறும், அப்புறம் ஆள். பாட்டி கடைசி நான்கு வருஷம் கீழே இறங்கவே இல்லை. காய்கறி வாங்கக்கூட மேலிருந்து கூடையைத்தான் இறக்குவாள். இறந்த அன்றுதான் இறங்கினாள். நாற்காலியில் உட்காரவைத்து, அவள் சேலையாலேயே கட்டி, மேலே இரண்டு பேர், கீழே நான்கு பேர். “தலை இடிச்சிரப் போகுது, பாத்து” என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இப்போது தாராவியை இடித்துக் கட்டும் மறுசீரமைப்பு வருகிறது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு, இலவசமாக. மேல்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, வாடகை கட்டிப் பிறகு சொந்தமாக்கிக்கொள்ளும் வீடு. ஒன்பது படிதான் வித்தியாசம். இதைப் பற்றி எங்களிடம் பேச அண்ணாச்சிக்குக் கூச்சம். முன்பெல்லாம் எப்போதாவது மேலே வரும் இட்லி, இப்போது தினமும் வருகிறது.

ஜரீனா ஹாஷ்மி என்று ஒரு கலைஞர் இருந்தார், 1937இல் அலிகரில் பிறந்தவர். நாடு நாடாக வாழ்ந்த அவர், 1999இல் வீட்டைச் சுற்றிய உருதுச் சொற்களை வைத்து 36 மரச்செதுக்கு அச்சுகள் செய்தார். வாசற்படி, கதவு, முற்றம் என்று போகும். ஒவ்வொரு படத்தின் கீழும் அதன் சொல். எங்களுக்கும் அப்படி ஒரு பட்டியல் உண்டு. கோலி (விளையாடும் கோலி இல்லை, அறை), குளியலும் பாத்திரமும் நடக்கிற மூலைக்கு மோரி, மேலே நாங்கள் இருக்கிற மாளா, கூரைக்குப் பத்ரா. எல்லாம் மராத்தி, எங்கள் வாயில் தமிழாகிவிட்டது. முற்றம் மட்டும் கிடையாது. பொங்கலன்று நைன்டி ஃபீட் ரோடுதான் முற்றம்.

உங்களால் மறுசீரமைப்பு விதிமுறையை மாற்ற முடியாது, தெரியும். அதற்காக எழுதவில்லை. கூரையை வரைந்தது போதும், உள்ளே வந்து அந்தப் பலகை இடுக்கையும் கயிற்று முடிச்சையும் வரையுங்கள். மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பில் அதெல்லாம் வராது.

மழைக்கு முன் வாருங்கள். கேமராவைத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள், இரண்டு கையும் வேண்டியிருக்கும். ஆறாவது படி ஆடும்; அதை மிதிக்காமல் ஏறுங்கள்.

இப்படிக்கு,
மாளாவிலிருந்து ஒருவன்