தொய்ந்த வலை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பின் வீட்டுத்தோட்டப் பக்கத்தில், குளத்து மீன்களைக் கொக்கிடமிருந்து காப்பது பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. "மெல்லிய நைலான் வலை ஒன்றை மேலே போட்டுவிட்டால் போதும்" என்று அதில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். போன வருடம் நானும் அதையேதான் செய்தேன். அதனால் ஒரு பறவை என் வீட்டில் செத்துப்போனது. அந்தக் குறிப்பைப் படித்ததிலிருந்து, இதைச் சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

நான் தையல் தொழில் செய்பவள். 30 வருடமாக மிஷின் முன்னால் உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொள்கிறது. நடுநடுவே எழுந்துபோய்ப் பார்க்க ஏதாவது இருக்கட்டும் என்று வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு குளம் கட்டினேன். இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம். பூந்தொட்டிகளை இறக்கி வைக்க வசதியாக ஒரு பக்கம் படி போல விட்டேன். அந்தப் படியின் மேல் ஒரு சாண் தண்ணீர்தான் நிற்கும். 11 தங்கமீன்களை விட்டேன். அவை அங்கேயே முட்டையிட்டுக் குஞ்சும் பொரித்தன.

ஒரு நாள் காலை எண்ணிப் பார்த்தால் பெரிய மீன்கள் ஒன்பதுதான். மறுநாள் ஏழு. பூனை என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் இருட்டோடு எழுந்து கதவிடுக்கில் பார்த்தபோதுதான் தெரிந்தது. நான் கட்டிய அதே படியின் மேல், கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, காய்ந்த மட்டையை நட்டு வைத்ததுபோல ஒரு பறவை நின்றது. கதவைத் தள்ளியதும் எழும்பியது. நிற்கும்போது பழுப்புக் கோடு போட்டிருந்த உடம்பு, சிறகை விரித்ததும் பளீரென்று வெள்ளையாகிவிட்டது. மடையான். பக்கத்தில் போகும்வரை அசையாமல் நிற்பதால் கண் தெரியாது என்று நினைத்து, இதைக் குருட்டுக்கொக்கு என்றும் சொல்வார்கள். அதன் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. தண்ணீருக்குள் கிடக்கும் பொருள் நமக்குக் கொஞ்சம் இடம் மாறித்தான் தெரியும். கொக்கு இனங்கள் அந்த வித்தியாசத்தையும் கணக்கில் கொண்டே அலகைப் பாய்ச்சுகின்றன. குறி அவ்வளவு எளிதில் தப்பாது.

பயந்துபோய் அன்றே வலை வாங்கினேன். தலைமுடி போல மெல்லிய நூல், மூன்று விரல் நுழையும் கண்ணி. நாலு மூலையிலும் செங்கல் வைத்து மேலே போட்டேன். இரண்டு நாள் மழையில் நடுவே தொய்ந்து தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தைக்க வேண்டிய துணிகளைப் பார்க்கப் போய்விட்டேன்.

விடிந்தும் விடியாத நேரத்தில் தண்ணீரில் படபடவென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் மடையான் வலையோடு உருண்டுகொண்டிருந்தது. ஒரு கால், ஒரு சிறகு இரண்டிலும் நூல் சுற்றியிருந்தது. கொக்கு பயந்தால் அலகை நம் கண்ணைப் பார்த்துத்தான் குத்தும் என்று எங்கோ படித்திருந்ததால், துண்டைப் போட்டுத் தலையை மூடினேன். துணி வெட்டும் கத்தரி நூலுக்குக் கீழே நுழையவில்லை. பிசிறு நறுக்கும் சின்னக் கத்தரியை எடுத்து வந்து ஒவ்வொரு சுற்றாக வெட்டினேன். தொடையில் நூல் தோலுக்குள் இறங்கியிருந்தது. நைலான் நூல் அறுந்துபோகாது, இழுக்க இழுக்க இறுகும். இது என் விரல்கள் அறிந்த விஷயம்தான். அந்தப் பறவையின் கால் எவ்வளவு மெல்லியது என்பது மட்டும் அன்றுதான் தெரிந்தது. துண்டுக்குள் அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் அடித்துக்கொண்ட வேகத்தை இன்னும் மறக்க முடியவில்லை. கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். காயத்தைக் கழுவி மருந்து போட்டவர், ரத்த ஓட்டம் நெடுநேரம் நின்றுபோயிருக்கிறது என்றார். அட்டைப்பெட்டிக்குள் இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் காலை பெட்டியைத் திறந்தபோது உயிர் இல்லை.

பசிக்கு வந்த பறவை அது. அதற்குப் படி கட்டிக்கொடுத்தது நான், மீனைக் காட்டிக்கொடுத்ததும் நான். எப்படி என்று சொல்கிறேன்.

பெரிய மீன்கள் ஏழு போய் நாலு மிஞ்சின. ஆனால் குளத்தில் பிறந்த குஞ்சுகள் இருபதுக்கு மேல் அப்படியே இருந்தன. அவை பாசி நிறத்தில் இருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். தங்கமீன் குஞ்சுகள் பிறக்கும்போது தங்க நிறமாக இருப்பதில்லை. மங்கிய பச்சையும் பழுப்புமாக இருந்து, சில மாதங்கள் கழித்துத்தான் நிறம் மாறும். இந்த மீனின் முன்னோர்களும் அப்படிச் சேற்று நிறம் கொண்டவைதான். 1,000 வருடங்களுக்கும் முன்பே சீனாவில் எப்போதோ சிவந்து பிறந்தவற்றைப் பொறுக்கியெடுத்து வளர்த்து இந்த நிறத்தை நிலைக்கச் செய்தார்கள். கோய் என்னும் அலங்காரக் கெண்டை மீனின் வண்ணங்களும் 19ஆம் நூற்றாண்டில் ஜப்பானின் நீகாட்டா பகுதியில் இதேபோல வந்தவைதான். ஒளிந்துகொள்ளும் நிறத்தை அவற்றிடமிருந்து எடுத்துவிட்டவர்கள் மனிதர்கள். அப்படியானால் ஒளிய இடம் கொடுக்க வேண்டியவர்களும் நாம்தானே?

இரண்டாவது, நான் தீனி போட்ட விதம். தினமும் விடிந்ததும் அந்தப் படி ஓரத்தில் உட்கார்ந்து போடுவேன். என் நிழல் விழுந்தாலே வாயைத் திறந்துகொண்டு கூட்டமாக வரும். கரையில் நிழல் விழுந்தால் தீனி வருகிறது என்று அவற்றைப் பழக்கியதே நான்தான். கொக்கின் நிழலுக்கும் அப்படித்தான் வந்திருக்கும்.

மூன்றாவது காரணத்தை இன்னும் பலர் யோசிப்பதில்லை. இரவு முழுவதும் மீன்களோடு செடிகளும் பாசியும் சேர்ந்து சுவாசிப்பதால், தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் விடியற்காலையில்தான் மிகக் குறைவாக இருக்கும். குளத்தில் மீன் நெருக்கமாக இருந்தால் அந்த நேரத்தில் மூச்சுக்காக எல்லாம் மேல்மட்டத்துக்கு வந்துவிடும். கொக்கு வருவதும் அதே நேரத்தில்தான். சின்னக் குளத்தில் மீன்களை அடைத்து வைக்காமல் இருப்பதும், இரவில் ஒரு சின்ன நீரூற்றையோ காற்றுக் குழாயையோ ஓடவிடுவதும் கூடப் பறவையிடமிருந்து மீனைக் காக்கும் வழிதான்.

குளத்தை இறைத்துவிட்டுப் படியை உடைத்தேன். இப்போது பக்கங்கள் செங்குத்தாக இறங்குகின்றன. ஆழம் 90 செ.மீ. தண்ணீர் விளிம்புக்கு ஒரு சாண் கீழேயே நிற்கும்படி வைத்திருக்கிறேன். கொக்கு நீந்தி மீன் பிடிக்கும் பறவை அல்ல. கால் ஊன்ற இடமும், அலகு எட்டும் தூரமும் அதற்கு வேண்டும். அடியில் பழைய மண்பானைகளைப் படுக்கவைத்தேன். மீன் உள்ளே திரும்பிக்கொள்ளும் அளவுக்கு அகலமான பிவிசி குழாய்த் துண்டுகளையும் போட்டிருக்கிறேன். அல்லி இலை பாதிக் குளத்தை மூடியிருக்கிறது. வெங்காயத்தாமரையை மட்டும் விடாதீர்கள். அது தண்ணீரை முழுக்க மூடி மீனை மூச்சுத்திணற வைத்துவிடும். தீனி இப்போது வெயில் வந்த பிறகு, ஆழமான நடுப்பகுதியில்தான்.

இனி வலைக்கு வருகிறேன். வலையே கூடாது என்று நான் சொல்லவில்லை. இப்போதும் என் குளத்தின் மேல் வலை இருக்கிறது. எப்படிப்பட்ட வலை என்பதுதான் கேள்வி. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், வீட்டுப் பழமரங்களுக்குப் போடும் வலையின் கண்ணி முழுக்க இழுத்துப் பிடித்த நிலையிலும் 5 மி.மீ.-க்கு மேல் இருக்கக் கூடாது என்று 2021 செப்டம்பர் முதல் சட்டமே இருக்கிறது. பறவைகளும் பழந்தின்னி வௌவால்களும் சிக்கிச் சாவதால் வந்த சட்டம் அது. கடையில் அளவுகோல் தேட வேண்டாம். சுண்டுவிரலை நுழைத்துப் பாருங்கள், நுழைந்தால் வாங்காதீர்கள். நூல் தடிமனாக, வெள்ளை நிறத்தில் இருந்தால் பறவைக்குத் தூரத்திலேயே தெரியும். அதைத் தண்ணீர்மேல் விரிக்கக் கூடாது. எம்பிராய்டரி வளையத்தில் துணியைப் பூட்டுவதுபோல, இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். விரலால் தட்டினால் திரும்பத் துள்ள வேண்டும். என் சட்டம் தண்ணீரிலிருந்து இரண்டு சாண் உயரத்தில் நிற்கிறது. ஓரங்களைத் தரைவரை இறக்கி முளை அடித்திருக்கிறேன். தவளை போய்வர ஒரு மூலையில் மட்டும் இரண்டு விரல் இடைவெளி. மழை பெய்து விட்டதும் நான் முதலில் தட்டிப் பார்ப்பது இந்த வலையைத்தான்.

பிளாஸ்டிக் கொக்கு பொம்மை, தொங்கவிட்ட குறுந்தகடு இரண்டையும் முயன்று பார்த்தேன். நாலைந்து நாள் பயந்தன. பிறகு பொம்மைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றன. மீன்கொத்திக்கு ஆழம் ஒரு பொருட்டே இல்லை. மேலிருந்து குதிப்பதற்குக் கிளையோ கொடிக்கயிறோ கிடைத்தால் அதற்குப் போதும். குளத்தின் மேல் நீட்டிக்கொண்டிருந்த கொய்யாக் கிளையை வெட்டினேன். துணி காயப்போடும் கயிற்றையும் இடம் மாற்றினேன். வக்கா என்னும் இராக்கொக்கு இருட்டிய பிறகு வரும் என்பதால், பகலில் மட்டும் மூடிவைப்பதில் பயனில்லை.

கண்ணி வை, கவணால் அடி என்று எனக்கு யோசனை சொன்னவர்களும் உண்டு. இவை சட்டம் காக்கும் பறவைகள். இந்தியாவில் 1972-இலும் பிரிட்டனில் 1981-இலும் வந்த வனவிலங்குச் சட்டங்கள் இவற்றைக் கொல்வதைத் தடுக்கின்றன. சட்டம் இல்லாவிட்டாலும் என்னால் அது முடியாது. அந்த நெஞ்சு அடித்துக்கொண்டதை என் கை அறியும்.

இன்னொரு மடையான் இப்போதும் வருகிறது. மதில்மேல் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. குஞ்சுகளில் ஒன்பது நிறம் மாறிவிட்டன. ஒன்றும் குறையவில்லை.

இந்தக் கடிதம் முழுவதையும் போட உங்களுக்கு இடம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்தக் குறிப்பை யாரோ கத்தரித்து வைத்திருப்பார்கள், இந்த வாரம் வலை வாங்கக் கடைக்கும் போவார்கள். அவர்களுக்காக வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் இதை மட்டுமாவது போடுங்கள்: வலைக் கண்ணியில் சுண்டுவிரல் நுழையக் கூடாது, வலை எங்கும் தொய்யக் கூடாது.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி