கேட்டு வாங்காத பணம்: அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

வருமான வரிக்கு ஒரு கூட்டம், கல்லூரிச் சேர்க்கைக்கு ஒன்று, விசா விதிகளுக்கு ஒன்று, சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் பார்க்க ஒரு முகாம் என்று ஆண்டு முழுவதும் ஓடியாடி நடத்துகிறீர்கள். மனநலத்துக்கும் ஒரு மாலை ஒதுக்கியிருந்தீர்கள். பேச வந்தவர் தயங்காமல் உதவி நாடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நாடினால் பில் எவ்வளவு வரும், அதில் காப்பீடு எவ்வளவு தரும், தராவிட்டால் என்ன செய்வது என்பதை அன்று யாரும் தொடவில்லை. நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

நியூ ஜெர்சியில் மருத்துவ பில்லிங் வேலை பார்க்கிறேன். மனநலச் சிகிச்சை தரும் தெரபிஸ்டுகள் சிலரின் கணக்குகள் என் மேசைக்கு வருகின்றன. கூச்சத்தால் வராமலே இருந்துவிடுகிறவர்களை எனக்குத் தெரிய வாய்ப்பில்லை. கூச்சத்தைத் தாண்டி வந்து, மனம் சற்று லேசாகத் தொடங்கும் நேரத்தில் செலவு கட்டுப்படியாகவில்லை என்று நிறுத்திவிடுகிறவர்களைத்தான் பார்க்கிறேன். அவர்களில் பலருடைய காப்பீடு அந்தச் செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தந்திருக்கும். அவர்கள் கேட்கவே இல்லை.

தமிழ் பேசும் தெரபிஸ்ட் வேண்டும் என்று தேடினால், கிடைப்பவர் நெட்வொர்க்குக்கு, அதாவது நம் காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டவர்களின் வட்டத்துக்கு, வெளியே இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அலுவலகத்தில் நாளெல்லாம் ஆங்கிலம் பேசுகிறவர்கூட, பிரசவத்துக்கு வந்த மாமியார் ஆறு மாதம் தங்கிய கதையை ஆங்கிலத்தில் சொல்லப் புகுந்தால் பாதி நேரம் முன்கதையிலேயே போய்விடுகிறது. அதனால் தமிழ் வேண்டும் என்பது ஆடம்பரம் இல்லை. சென்னையில் இருப்பவரிடம் வீடியோவில் பேசிக்கொள்ளலாமே என்பார்கள். கட்டணம் குறைவுதான், ஆனால் நாம் குடியிருக்கும் மாநிலத்தின் உரிமம் அவரிடம் இருக்காது, காப்பீடு ஒரு சல்லி தராது. இங்கே உரிமம் பெற்றவர்களோ, காப்பீட்டு நிறுவனங்கள் தரும் தொகை குறைவு, காகித வேலை அதிகம் என்று நெட்வொர்க்கில் சேராமல் ஒதுங்கிவிடுகிறார்கள். இது தமிழர்களுக்கு மட்டும் நேர்வதும் இல்லை. உடல் நோய்க்குச் சிறப்பு மருத்துவரைப் பார்ப்பதோடு ஒப்பிட்டால், உளவியலாளரைப் பார்க்க மக்கள் நெட்வொர்க்குக்கு வெளியே போவது 10.6 மடங்கு அதிகம் என்று ஆர்.டி.ஐ. இன்டர்நேஷனல் என்ற ஆய்வு நிறுவனம் 2024-இல் கணக்கிட்டுச் சொன்னது.

வெளியே போனால் ஒன்றும் கிடைக்காது என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. நெட்வொர்க்குக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே பணம் தரும் எச்.எம்.ஓ., இ.பி.ஓ. வகைத் திட்டங்களுக்குப் பெரும்பாலும் அது உண்மை. வெளியே போவதற்கும் ஒரு பங்கு தரும் பி.பி.ஓ. வகைத் திட்டம் வைத்திருப்பவர்களுக்கு உண்மை இல்லை. ஒரு திட்டம் உடல் நோய்க்கு வெளி மருத்துவரிடம் போவதற்குப் பணம் தந்து, மனநலச் சிகிச்சையையும் ஏற்றுக்கொண்டிருந்தால், மனநலத்துக்கும் வெளியே போக வழிவிட வேண்டும் என்பது 2008-ஆம் ஆண்டின் மனநலச் சமத்துவச் சட்டம். நம்மவர்கள் பணிபுரியும் பல நிறுவனங்கள் பி.பி.ஓ. தருகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மாதப் பிடித்தம் எதில் குறைவு என்று பார்த்துச் சொடுக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

பணம் உண்டு என்று தெரிந்தவர்களும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. அதைக் கணக்கோடுதான் சொல்ல வேண்டும். தெரபிஸ்டின் கட்டணம் அமர்வுக்கு 200 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். திட்டப் புத்தகத்தில் நெட்வொர்க்குக்கு வெளியே டிடக்டிபிள், அதாவது காப்பீடு தரத் தொடங்கும் முன் ஆண்டுதோறும் நாமே கட்ட வேண்டிய தொகை, 1,500 டாலர், அதன் பிறகு 70 சதவீதம் என்று போட்டிருக்கிறது. எட்டாவது அமர்விலேயே டிடக்டிபிள் தீர்ந்துவிடும், அப்புறம் ஒவ்வொரு முறையும் 140 டாலர் திரும்பி வரும் என்று யாரும் போடுவார்கள் மனக்கணக்கு. ஆனால் அந்த 70 சதவீதம் தெரபிஸ்ட் வாங்கும் 200 டாலரில் இல்லை. அந்தச் சிகிச்சைக்கு இவ்வளவுதான் நியாயம் என்று காப்பீடு தானே குறித்து வைத்திருக்கும் அனுமதித் தொகையில். அது 110 டாலர் என்றால் டிடக்டிபிளில் ஒவ்வொரு முறையும் 110 மட்டுமே கழியும். அது தீர 14 அமர்வுகள் ஆகும். அதற்குள் கையிலிருந்து 2,800 டாலர் போயிருக்கும். பிறகு வருவது 77 டாலர். மீதி 123 நம் பொறுப்பு. அனுமதித் தொகைக்கு மேலே உள்ள 90 டாலர், ஆண்டுக்கு இதற்கு மேல் நீங்கள் செலவழிக்க வேண்டாம் என்று திட்டம் போட்டிருக்கும் உச்சவரம்பிலும் சேராது. செப்டம்பரில் தொடங்கியவர் டிடக்டிபிளைத் தாண்டும்போது டிசம்பர் பிறந்துவிடும். பெரும்பாலான திட்டங்களில் ஜனவரி 1 அன்று எல்லாம் முதலிலிருந்து.

அப்படியும் ஜனவரியில் தொடங்கி ஆண்டில் 45 வாரம் போகிறவருக்கு ஏறக்குறைய 2,400 டாலர் திரும்பும். மருத்துவச் செலவுக்கென வரி கட்டாமல் சேர்க்கும் எச்.எஸ்.ஏ. கணக்கில் பணம் இருந்தால் மீதியை அதிலிருந்து கொடுக்கலாம். இது முன்பே தெரிந்தால் ஒரு குடும்பம் திட்டமிட்டுக்கொள்ளும், அல்லது வாரம் ஒருமுறை என்பதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று தெரபிஸ்டிடம் பேசி மாற்றிக்கொள்ளும். ஒன்பதாவது அமர்வுக்கும் பணம் வரவில்லையே என்று எரிச்சலில் விட்டுவிடாது.

அந்த அனுமதித் தொகையை யார் குறிக்கிறார்கள் என்பதற்கு ஒரு பழங்கதை உண்டு. முன்பு பல காப்பீட்டு நிறுவனங்கள் வழக்கமான கட்டணம் எவ்வளவு என்று பார்த்தது இன்ஜெனிக்ஸ் என்ற நிறுவனத்தின் தரவில். அந்த இன்ஜெனிக்ஸ், யுனைடெட் ஹெல்த் என்ற காப்பீட்டு நிறுவனத்துக்கே சொந்தம். பணம் கொடுக்க வேண்டியவரே விலையையும் சொன்னால் விலை எப்படி இருக்கும்? நியூயார்க்கின் அன்றைய அட்டர்னி ஜெனரல் ஆண்ட்ரூ குவோமோ விசாரித்து, 2009-இல் சமரசம் ஏற்பட்டு, அந்நிறுவனம் 50 மில்லியன் டாலர் கொடுத்தது. அதில் பிறந்ததுதான் ஃபேர் ஹெல்த் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு. அதன் இணையத்தளத்தில் நம் ஜிப் கோடையும் சிகிச்சைக் குறியீட்டையும் இட்டால் அந்தப் பகுதியின் கட்டண மதிப்பீடு இலவசமாகக் கிடைக்கும். ஆனால் எல்லாத் திட்டங்களும் அதைப் பின்பற்றுவதில்லை. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் தரும் தொகையை அடிப்படையாக வைத்துக் கணக்கிடுகிறவையும் உண்டு. எனவே காப்பீட்டு அட்டையின் பின்புறம் இருக்கும் எண்ணை அழைத்து, தெரபி அமர்வுக்கான 90837 என்ற சிகிச்சைக் குறியீட்டுக்கு என் ஜிப் கோடில் நெட்வொர்க்குக்கு வெளியே அனுமதித் தொகை எவ்வளவு என்று கேட்க வேண்டும். சொல்ல முடியாது என்பார்கள். எழுத்தில் கேளுங்கள். அழைப்பின் குறிப்பு எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பணத்தைத் திரும்பப் பெற அனுப்ப வேண்டிய காகிதத்துக்கு சூப்பர்பில் என்று பெயர். தெரபிஸ்ட் தருவார். பெயர் பெரிதாக இருந்தாலும் பார்வைக்கு ஒரு பக்க ரசீதுதான். தேதி, கட்டணம், செலுத்திய விவரம், தெரபிஸ்டின் என்.பி.ஐ. எனும் அடையாள எண், வரி எண், உரிமம், நோய்க் குறியீடு, சிகிச்சைக் குறியீடு எல்லாம் அதில் இருக்க வேண்டும். 53 நிமிடமோ அதற்கு மேலோ பேசியிருந்தால் 90837. 38 முதல் 52 நிமிடம் வரை என்றால் 90834, தொகையும் குறையும். என் மேசைக்குத் திரும்பி வரும் கிளெய்ம்களில் பல, இடக் குறியீடு என்ற இரண்டு இலக்கத்தில் விழுந்தவை. அலுவலகத்துக்கு நேரில் போனால் 11. வீட்டிலிருந்து வீடியோவில் பேசினால் 10. தொற்றுக் காலத்துக்குப் பிறகு பலரும் வீட்டிலிருந்தே பேசுகிறார்கள், பழைய படிவத்தில் 11 அப்படியே கிடக்கிறது. இன்னொன்று, கிளெய்ம் படிவத்தில் பணத்தைத் தெரபிஸ்டுக்கே அனுப்பலாம் என்ற கட்டத்தில் பலர் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். செக் அவருக்குப் போய்விடும். பிறகு அதைத் திருப்பி வாங்க நடக்க வேண்டும். கணவன் மனைவி சச்சரவுக்கு என்று மட்டும் எழுதிய கிளெய்மைப் பல திட்டங்கள் தள்ளிவிடும் என்பதையும் முதலிலேயே தெரபிஸ்டிடம் பேசிக்கொள்வது நல்லது.

இனி வீட்டுக்குள் வரும் சங்கடம். 26 வயது வரை பிள்ளைகள் பெற்றோரின் காப்பீட்டில் இருக்கலாம். கல்லூரியில் படிக்கும் பெண் கிளெய்ம் அனுப்பினால், எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு தந்தோம் என்று காப்பீடு அனுப்பும் விளக்கத் தாள் பாலிசி வைத்திருக்கும் அப்பாவின் தபால் பெட்டிக்குப் போகும். அதற்குப் பயந்தே காப்பீட்டைத் தொடாமல் இருக்கும் பிள்ளைகள் உண்டு. விளக்கத் தாளை வேறு முகவரிக்கோ தன் கணக்குக்கோ அனுப்பச் சொல்லிக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அவள் எழுதலாம். பெற்றோர்களே, அது உங்களை ஒதுக்குவது ஆகாது, அவளைப் பேச விடுங்கள். மானேஜருக்குத் தெரிந்துவிடும், கிரீன் கார்டுக்கு இடைஞ்சல் வரும் என்ற பேச்சும் நம் வாட்ஸ்அப் குழுக்களில் உலவுகிறது. யார் எந்தச் சிகிச்சைக்குப் போனார் என்ற விவரம் உங்கள் மானேஜர் கைக்குப் போகக் கூடாது என்பது சட்டம். வேலை வழியாகக் கிடைத்த காப்பீட்டைப் பயன்படுத்துவது, கிரீன் கார்டு கேட்கும்போது பார்க்கப்படும் அரசு உதவி வாங்கியதாகவும் ஆகாது.

அதிகம் பேர் அறியாத வழி ஒன்றும் உண்டு. தேவையான சிகிச்சையாளர் நெட்வொர்க்கில் இல்லை என்று காட்டினால், வெளியே இருப்பவரையே உள்ளே இருப்பவர் போல நடத்தும்படி விதிவிலக்கு கேட்கலாம். உள்ளே யாரும் இல்லை என்பதற்கு ஆதாரம் வேண்டும்: யாரை, எந்தத் தேதியில் அழைத்தோம், என்ன பதில் வந்தது என்று ஒரு பட்டியல். காப்பீட்டு நிறுவனத்தின் நெட்வொர்க் பட்டியலில் பெயர் இருந்தும் ஆள் கிடைக்காதது புதிதல்ல. செனட் நிதிக் குழுவின் பெரும்பான்மைத் தரப்பு ஊழியர்கள் 2023-இல், முதியோருக்கான மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களின் மனநலப் பட்டியல்களிலிருந்து 120 இடங்களுக்குத் தொலைபேசியில் அழைத்துப் பார்த்தார்கள். 80 சதவீதத்துக்கு மேல் பயனில்லை: தவறான எண், பதில் இல்லை, புதியவர்களை எடுப்பதில்லை. மொழியைக் காரணம் காட்டிக் கேட்டால் எல்லாருக்கும் கிடைத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். கேட்காதவருக்கு நிச்சயம் கிடைக்காது. மறுத்தால் மேல்முறையீட்டுக்கு 180 நாள் அவகாசம் உண்டு.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியமில்லை. பெரும்பாலான நிறுவனங்களில் திட்டத்தை மாற்றும் காலம் அக்டோபர், நவம்பரில் வருகிறது. அதற்கு முன்பே காப்பீட்டுக்கென ஒரு சனிக்கிழமை வையுங்கள். வருகிறவர்கள் தங்கள் திட்டப் புத்தகத்தோடு வரட்டும், உட்கார்ந்து படிப்போம். கூடவே உங்கள் மாநிலத்தில் உரிமம் பெற்ற தமிழ் பேசும் தெரபிஸ்டுகளின் பட்டியல் ஒன்றைச் சங்கத் தளத்தில் போடுங்கள். நெட்வொர்க், கட்டணம், சூப்பர்பில் தருவாரா என்ற மூன்றும் இருந்தால் போதும், பாராட்டுரை வேண்டாம். ஆண்டுக்கு இருமுறை யாராவது அழைத்துச் சரிபார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் காப்பீட்டு நிறுவனங்களின் பட்டியலைப் போல ஆகிவிடும்.

பேச ஆள் வேண்டுமென்றால் நானே வருகிறேன், கட்டணம் வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். நூலகத்து அறையும் ஒரு வெள்ளைப் பலகையும் போதும். கேள்விகளை மட்டும் பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் வாங்கிவிடுங்கள். கையைத் தூக்கச் சொன்னால் வருமான வரிக் கூட்டத்தில் கேட்பதைப் போல இதில் யாரும் கேட்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
நியூ ஜெர்சியிலிருந்து, பில்லிங் வேலை பார்க்கும் உங்கள் சங்க உறுப்பினர் ஒருத்தி