அந்தச் சிவப்பு நான் வைத்ததல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மகளுக்காகக் கல்லூரி இணையதளங்களில் கட்டண விவரத்தைத் தேடி அலுத்துப்போன ஒரு தந்தையின் கடிதத்தைச் சென்ற வாரம் இப்பகுதியில் படித்தேன். தளத்தைச் செய்தவனுக்கு ரசனையே இல்லை என்று முடித்திருந்தார். பதினோரு வருடமாக ஒரு கல்லூரியின் தளத்தைப் பார்த்துக்கொள்கிறவன் நான். ரசனை கொஞ்சம் இருக்கிறது. அதற்கு மேலே ஒன்பது பேர் கமிட்டியும் இருக்கிறது.

சிவப்புப் பட்டையில் மஞ்சள் எழுத்து என்பது கமிட்டியின் தீர்மானம். மங்களகரமாக இருக்குமாம். மினிட்ஸ் புத்தகத்தில் ஏறிவிட்டால் அதைத் தொட எனக்கு அதிகாரமில்லை. ஆனால் சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்பது உலகம் முழுக்கப் பின்பற்றும் கணக்கு. சுத்தச் சிவப்பின் மேல் சுத்த மஞ்சள் 3.7-தான் தேறும். பஸ் ஸ்டாண்டு வெயிலில் போனைத் திறக்கிறவர் பாடு திண்டாட்டம். நிறங்களையெல்லாம் ஸ்டைல்ஷீட்டின் (தளத்தின் நிறம், அளவு, அமைப்பு பற்றிய விதிகளை எழுதிவைக்கும் கோப்பு) தொடக்கத்திலேயே ஓரிடத்தில் பெயரிட்டு வைத்திருப்பேன். அங்கே ஒரே ஒரு வரியை மாற்றி, சிவப்பை அரக்காக்கினேன். கணக்கு 10-ஐத் தாண்டியது. அடுத்த கூட்டத்தில் ஒரு மேடம், "பட்டுப்புடவை மாதிரி இருக்கே!" என்றார். பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. மினிட்ஸில் இன்றைக்கும் சிவப்புதான்.

அகல விஷயத்தில் தோற்றுப்போனேன். அறங்காவலர்கள் ஏழு பேரின் படமும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும், யாரும் கீழ் வரிசைக்கு இறங்கக் கூடாது என்றார்கள். அதற்காகவே பக்கம் முழுவதும் 1,024 பிக்சல் அகலத்தில் பூட்டப்பட்டுள்ளது. பல போன்களின் அகலம் 360 பிக்சல்தான். கட்டண அட்டவணையில் தொகை இருப்பதோ வலது கோடி. பக்கவாட்டில் இழுத்தால்தான் தெரியும். இழுக்க வேண்டும் என்பது பெற்றோருக்கு எப்படித் தெரியும்? கூட்ட அறைப் புரொஜெக்டரில் எல்லாம் அம்சமாகவே இருக்கிறது.

ஸ்டைல்ஷீட்டில் 'இம்பார்ட்டன்ட்' என்று ஒரு குறி உண்டு. அதைப் போட்டால் அந்த விதி மற்ற விதிகளை அமுக்கிவிடும். கூட்டத்துக்குக் கூட்டம் அவசரத்தில் சேர்த்துச் சேர்த்து எங்கள் கோப்பில் இப்போது 61 இடங்களில் அது இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அதே குறி, அதே பலம் என்றால் கடைசியில் எழுதியதுதான் நிற்கும். கூட்டத்திலும் அப்படித்தான், கடைசியாகப் பேசுகிறவர் சொன்னதே தீர்மானம்.

கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நிறம் உங்கள் விருப்பம், படமும் உங்கள் விருப்பம். கையெழுத்துப் போடுவதற்கு முன், ஆளுக்கொரு போனை எடுத்து முதல் செமஸ்டர் கட்டணம் எவ்வளவு என்று உங்கள் தளத்திலேயே தேடிப் பாருங்கள். உதவிக்கு என்னைப் போன்றவர்களைக் கூப்பிடாதீர்கள்.

அந்தத் தந்தைக்கு: போனைக் குறுக்கே திருப்பிப் பிடியுங்கள், அட்டவணை இன்னும் கொஞ்சம் தெரியும். தளத்தில் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருக்கும் எழுத்தை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதன் வேகத்தைக் கூட்டுவது அடுத்த கூட்டத்தின் மூன்றாவது பொருள்.

இப்படிக்கு,
ஒரு கல்லூரி இணையதளப் பராமரிப்பாளர்,
பாளையங்கோட்டை.