மேட்டூர்ப் பக்கத்துத் தம்பிக்கும், கைகொடுத்த எல்லாருக்கும்

நேற்று ராத்திரி எங்கள் தெருவுக்குக் கரண்டு வந்துவிட்டது. போனில் சார்ஜ் ஏறியதும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன். பேராவூரணிக்குத் தெற்கே, கல்லணைக் கால்வாயின் கடைமடையில் இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் என்ன செய்தது என்று உங்களுக்கெல்லாம் தெரியும். அதைத் திரும்பச் சொல்லத் தெம்பில்லை.

மரம் அறுக்கும் மெஷினோடு வந்து பாதையைத் திறந்துவிட்ட பிள்ளைகள், ஜெனரேட்டரை வேனில் ஏற்றிவந்து தண்ணித் தொட்டியை நிரப்பியவர்கள், அரிசி, தார்ப்பாய், மெழுகுவத்தி, கொசுவத்தி என்று கொண்டுவந்து இறக்கிவிட்டுப் பேர்கூடச் சொல்லாமல் போனவர்கள், கேரளாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் நம் டெல்டாவுக்கு வந்து கம்பம் ஏறிய தொழிலாளர்கள், எல்லாருக்கும் ஊர் சார்பில் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சேலம் மாவட்டத்திலிருந்து வந்த மின்வாரியக் குழு எங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தது. விழுந்து கிடந்த தென்னைகளுக்கு நடுவே, வண்டி போகாத வயலில் கம்பத்தைத் தோளில் சுமந்து போனவர்கள் அவர்கள். அதே பள்ளிக்கூட வராந்தாவில்தான் எங்கள் ஊர்க்கதை நோட்டுகளும் நனைந்து ஊறிக் கிடந்தன. பெரியவர்கள் சொல்லச் சொல்ல, ஊர்ப் பிள்ளைகளும் நானுமாகப் பல வருஷமாக எழுதிச் சேர்த்தவை. வீட்டுக் கூரையே இல்லாதபோது நோட்டைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. வெயிலில் பரப்பிக் காயவைக்கலாம் என்று தூக்கினேன்.

“வெயில்ல போடாதீங்க சார், தாளெல்லாம் ஒட்டிப் போயிடும்” என்று ஒரு தம்பி வந்து வாங்கிக்கொண்டார். வேலைக்குச் சேருமுன் பைண்டிங் கடையில் இருந்தவராம். நிவாரணத் துணிமணி சுற்றிவந்த பழைய பேப்பரையெல்லாம் பொறுக்கினார். ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் ஒரு பேப்பர்த் துண்டு. அது ஈரம் குடித்ததும் வேறொன்று. பகலெல்லாம் கம்பி இழுத்துவிட்டு வந்து, ராத்திரியில் தலையில் டார்ச் மாட்டிக்கொண்டு இதைச் செய்தார். செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

பிரித்த தாளையெல்லாம் படிக்கவும் செய்தார். அந்த நோட்டுகளில் ராஜாவும் இல்லை, கல்வெட்டும் இல்லை. வானம் பார்த்த பூமியாக இருந்த காலத்தில் ஏரி பெருகினால் ஒரு போகம் நெல், இல்லாவிட்டால் வரகும் கேழ்வரகும், அதுவும் பொய்த்தால் பர்மாவுக்கோ மலேயாவுக்கோ கப்பல் என்று இருந்தது. 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிந்து, அந்தத் திட்டத்தில் வெட்டிய புதாற்றில் தண்ணீர் வந்தது. கல்லணைக் கால்வாயைத்தான் நாங்கள் புதாறு என்போம். புதுத் தண்ணீருக்குப் பூப்போட்டுக் கும்பிட்டது, முறைவைத்துப் பாய்ச்சியது, மதகடியில் நடந்த சண்டைகள், 1952 புயலில் யார் யார் எந்த வீட்டில் ஒதுங்கினார்கள் என்பது, எல்லாம் இருக்கிறது. கடைமடைக்குத் தண்ணீர் வருவது குறையக் குறைய நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறியதும் இருக்கிறது. முதலில் கன்று வைத்தவரை ஊரே பைத்தியக்காரன் என்றதாம். இன்றைக்கு அந்தத் தோப்பில் நிற்கிற மரத்தை விரல்விட்டு எண்ணலாம்.

புதாறு வந்த பக்கத்தைப் படித்துவிட்டு, “இது எங்க ஊர்த் தண்ணிங்களா சார்?” என்று கேட்டார். அவர் மேட்டூர்ப் பக்கம். அணை கட்டியபோது அவர் தாத்தாவின் ஊர் தண்ணீருக்குள் போய்விட்டது. வீட்டையும் காட்டையும் விட்டு மேட்டுக்கு ஏறிய குடும்பம். அணையில் தண்ணீர் இறங்கினால் பண்ணவாடியில் பழைய சர்ச் கோபுரமும் நந்தியும் வெளியே தெரியும், வீட்டோடு போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்றார். ஒரு குறையாகக்கூட அவர் இதைச் சொல்லவில்லை. தாளை மாற்றிக்கொண்டே சொன்னார்.

எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை. எங்கள் நோட்டில் 1934 என்றால் சந்தோஷம் மட்டும்தான். அந்தத் தண்ணீர் தேங்கி நின்ற இடத்தில் வயலும் வீடும் கோயிலும் இருந்தன என்று ஒரு வரி இல்லை. இந்த வருஷம் மேட்டூர் நிரம்பியும் எங்கள் ஏரிக்குத் தண்ணீர் வரவில்லை என்று எவ்வளவு வயிறெரிந்தோம்! மேலே இருந்தவர்கள் இந்தத் தண்ணீருக்காக எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைதான் இன்றைக்கு எங்கள் நோட்டைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது.

மைப்பேனாவில் எழுதிய சில பக்கங்கள் கரைந்துவிட்டன. மற்றதெல்லாம் வாசிக்க முடிகிறது. கரைந்தவற்றைச் சொன்ன பெரியவர்களில் இருப்பவர்களிடம் மறுபடி உட்கார்ந்து கேட்கப் போகிறோம். புதிய நோட்டு போடும்போது புதாறு வந்த பக்கத்துக்கு முன்னால் முழுகிய ஊர்களின் கதை வரும். அதை அந்தத் தம்பி வீட்டுப் பெரியவர்கள் வாயால் கேட்டு எழுத வேண்டும். கோடையில் அணைத் தண்ணீர் இறங்கினால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பண்ணவாடிக்கு வருகிறோம்.

எங்கள் ஊருக்கு லைன் கொடுத்த கையோடு குழு விடியுமுன்னே அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டது. தம்பி என்றே கூப்பிட்டுப் பழகியதில் அவர் பேர் யாருக்கும் தெரியவில்லை. அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். சேலம், மேட்டூர்ப் பக்கத்து மின்வாரிய நண்பர்கள் யாராவது படித்தால் இதை அவரிடம் சேர்த்துவிடுங்கள். எங்கள் ஊரில் அவருக்கு ஒரு வீடு இருக்கிறது என்றும் சொல்லுங்கள்.