ஹாம் ரேடியோ: தொடர்புகள் இணையத்தில் உறுதியாகாமல் போவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானலையில் பேசும் ஹாம் ரேடியோ பற்றி நாளிதழ்களில் வரும் கட்டுரைகளில் புயல், வெள்ளக் காலத்துச் சேவை இருக்கும்; சுவர் நிறைய ஒட்டிய வெளிநாட்டு க்யூஎஸ்எல் அட்டைகளின் (பேசியதை உறுதிசெய்து அனுப்பும் அட்டைகள்) படம் இருக்கும். அந்த அட்டைகளின் வேலையில் பெரும்பகுதி இணையத்துக்குப் போய்விட்டது என்பது மட்டும் இருக்காது. நம் பக்கத்து ஹாம்கள் பலருடைய தொடர்புகள் அங்கே உறுதியாகாமலே கிடக்கின்றன. காரணங்கள் சின்னச் சின்னவை, எல்லாமே சரிசெய்யக்கூடியவை. புதிதாக உரிமம் பெற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வானலையில் பேசி முடித்ததும் 'பேசினோம்' என்று ஒருவர் சொன்னால் போதாது, இரு பக்கமும் சொல்ல வேண்டும். அமெரிக்க ஹாம்களின் அமைப்பான ஏஆர்ஆர்எல் வழங்கும் டிஎக்ஸ்சிசி விருதுக்கு 100 நாடுகள் அல்லது தனிப் பகுதிகளுடனான தொடர்பு இப்படி உறுதியாகியிருக்க வேண்டும். இந்தியாவுக்குள்ளேயே அந்தமான் நிக்கோபாரும் லட்சத்தீவும் அந்தப் பட்டியலில் தனித்தனி இடங்கள். அட்டை அனுப்புவதாக இருந்தால் இந்திய அமெச்சூர் ரேடியோ சொசைட்டியின் அட்டைப் பரிமாற்றப் பிரிவு வழியாக அனுப்பலாம். செலவு குறைவு, ஆனால் மாதங்கள் ஆகும், வருடங்களும் ஆகலாம். நேரடித் தபாலில் அனுப்பினால் திரும்பி வரும் அட்டைக்கான தபால் செலவையும் நாமே வைத்து அனுப்புவதுதான் வழக்கம்.

இணையத்தில் பல தளங்கள் உண்டு. எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் பிறகு வருத்தப்படுகிறார்கள். ஈக்யூஎஸ்எல் தளம் அட்டையைப் படமாகவே அனுப்பும், பார்க்க அழகாக இருக்கும். உரிமத்தின் நகலைக் கொடுத்து அடையாளத்தை உறுதிசெய்துகொண்டவர்களின் அட்டைகளைச் சில விருதுகள் ஏற்கின்றன, டிஎக்ஸ்சிசி ஏற்பதில்லை. க்யூஆர்இசட் தளத்தின் லாக்புக் (தொடர்புகளைக் குறித்துவைக்கும் பதிவேடு, சுருக்கமாக லாக்) வசதியானது, அதுவும் டிஎக்ஸ்சிசிக்கு உதவாது. கிளப்லாக் தளம் விடுபட்ட நாடுகளைக் கணக்குப் பார்க்கவும், அரிய இடங்களுக்குப் போய்ப் பேசும் பெரிய பயணக் குழுக்களிடம் அட்டை கேட்கவும் நல்லது. தீவுகளுடன் பேசுவதற்கான ஐயோட்டா விருது, கிளப்லாக்கில் இரு பக்கப் பதிவும் பொருந்திய தொடர்புகளை ஏற்கிறது. அந்த விருதின் தீவு எண்கள்: அந்தமான் ஏஎஸ்-001, இலங்கை ஏஎஸ்-003, லட்சத்தீவு ஏஎஸ்-011.

டிஎக்ஸ்சிசிக்கு வேண்டியது ஏஆர்ஆர்எல் 2003 முதல் நடத்தும் லாக்புக் ஆஃப் த வேர்ல்ட், சுருக்கமாக எல்ஓடிடபிள்யூ. பதிவேற்றம் இலவசம், விருதுக்குக் கணக்கில் சேர்க்கும்போதுதான் கட்டணம். இது கொஞ்சம் கறாரான தளம், அதன் மதிப்பும் அதில்தான் இருக்கிறது. ஈக்யூஎஸ்எல்லில் எதிராளி அனுப்பிய அட்டை முதலில் கண்ணுக்குத் தெரியும், அதைப் பார்த்தபின் 'ஆமாம், பேசினோம்' என்று சொல்வது எளிது. எல்ஓடிடபிள்யூவில் எதிராளி என்ன பதிவேற்றினார் என்பது நமக்குத் தெரியாது, நம்முடையது அவருக்குத் தெரியாது. இரண்டும் தனித்தனியே வந்து, அழைப்புக்குறிகளும் (உரிமத்தோடு தரப்படும் நிலையப் பெயர்கள்) அலைவரிசைப் பட்டையும் மோடும் (பேச்சு, மோர்ஸ் போன்ற ஒலிபரப்பு முறை) ஒத்துப்போய், நேரம் 30 நிமிடத்துக்குள் இருந்தால் மட்டுமே உறுதியாகும். எவ்வளவு நன்றாகக் கேட்டது என்று குறிக்கும் சிக்னல் ரிப்போர்ட் வேறாக இருந்தாலும் கவலையில்லை.

சேருவதற்கு டிக்யூஎஸ்எல் என்ற இலவச நிரலைக் கணினியில் நிறுவ வேண்டும். அதில் அழைப்புக்குறி, நாடு, அந்த அழைப்புக்குறியில் பேசத் தொடங்கிய தேதி, பெயர், முகவரி, மின்னஞ்சல் ஆகியவற்றைக் கொடுத்து, நம் பதிவுகளில் கையொப்பமிட உதவும் மின்னணுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால் டிக்யூ5 என்று முடியும் கோப்பு ஒன்று உருவாகும். அதைத் தளத்துக்கு அனுப்பிவிட்டு, உரிமத்தின் நகலையும் வேறொரு அடையாள ஆவணத்தின் நகலையும் தனியாக அனுப்ப வேண்டும். அமெரிக்கர் அல்லாத எல்லோருக்கும் இதே நடைமுறைதான். அங்கே ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்கிறார் என்பதால் சில நாள் பொறுத்திருக்க வேண்டும். பெயர் இரண்டு ஆவணங்களிலும் ஒன்றாக இருக்கிறதா என்று அனுப்பும் முன் பாருங்கள். ஒன்றில் முதலெழுத்து முன்னால், இன்னொன்றில் அப்பா பெயர் விரிவாகப் பின்னால் என்றிருப்பது நம் ஊரில் சகஜம். மின்னஞ்சலில் ஒரு வரி விளக்கம் சேர்த்துவிடுவது நல்லது.

பிறகு டிக்யூ6 என்று முடியும் கோப்பு மின்னஞ்சலில் வரும். பலர் தடுக்கி விழும் இடம் இது. விண்ணப்பம் செய்தது மேசைக் கணினியில், மின்னஞ்சலைத் திறப்பது மடிக்கணினியில் என்றால் கோப்பு ஏறாது. நம் கையொப்பத்துக்கான ரகசியச் சாவி விண்ணப்பித்த கணினிக்குள்ளேயே உருவாகி அங்கேயே தங்கிவிடுகிறது. அந்தக் கோப்பில் அது இல்லை. இடையில் விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி நிறுவியிருந்தால் சாவியும் போயிற்று, புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே டிக்யூ6 ஏறிய அன்றே டிக்யூஎஸ்எல்லின் பேக்கப் வசதியில் முழு நகல் எடுத்துப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு கணினிக்குச் சான்றிதழ் மட்டும் வேண்டுமானால் பி12 கோப்பாக எடுத்துக்கொண்டு போகலாம். சான்றிதழ் 3 ஆண்டு செல்லும். காலாவதிக்கு முன் நிரலே நினைவூட்டும். அப்போதே புதுப்பித்தால் பழைய சான்றிதழே கையொப்பமாகிவிடும், ஆவணங்களை மறுபடி அனுப்ப வேண்டியதில்லை.

அடுத்து, எங்கிருந்து பேசுகிறோம் என்பதை டிக்யூஎஸ்எல்லில் பதியும் 'ஸ்டேஷன் லொகேஷன்'. ஹாம்கள் உலகைப் பிரித்து எண்ணிட்ட மண்டலங்களில் தமிழ்நாட்டுக்கு சிக்யூ மண்டலம் 22, ஐடியு மண்டலம் 41. அட்சரேகை, தீர்க்கரேகைப்படி பூமியைப் பிரித்த கிரிட் கட்டம் ஊருக்கு ஊர் மாறும்: கோவை எம்கே81, திருச்சி எம்கே90, மதுரை எம்ஜே99. சென்னைக்குள்ளேயே மயிலாப்பூர் என்கே03, தாம்பரம் என்கே02. கட்டங்களின் எல்லையான 13 டிகிரி அட்சரேகை நகரின் ஊடே போகிறது. கிரிட் தவறினால் தொடர்பு உறுதியாவது தடைபடாது, ஆனால் கிரிட்டுக்காக விருது சேர்ப்பவர்களுக்கு நாம் தவறான கட்டத்தைக் கொடுத்தவர்களாகிறோம். வீடு மாறினால் பழைய லொகேஷனைத் திருத்தாமல் புதிதாக ஒன்று உருவாக்குங்கள்.

இனி நேரம். உறுதியாகாத இந்தியத் தொடர்புகளில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். லாக் முழுக்க யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் இருக்க வேண்டும். நம் கடிகாரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் கழிக்க வேண்டும். எதிராளி யுடிசியில் எழுத, நாம் இந்திய நேரத்தில் எழுதினால் 30 நிமிட எல்லைக்குள் எப்படி வரும்? மணியைச் சரியாக மாற்றிவிட்டுத் தேதியை மறப்பவர்களும் உண்டு. 15-ஆம் தேதி அதிகாலை 2 மணிக்கு 40 மீட்டர் அலைவரிசைப் பட்டையில் ஐரோப்பாவுடன் பேசினால் லாக்கில் இருக்க வேண்டியது 14-ஆம் தேதி 20:30. நள்ளிரவிலிருந்து காலை ஐந்தரை வரை பேசும் எல்லாவற்றுக்கும் தேதி ஒரு நாள் பின்னால் போகும், நீண்ட தூரத் தொடர்புக்கு 40 மீட்டர் நன்றாகத் திறந்திருக்கும் நேரமும் அதுதான்.

கணினி வழியே சிறு செய்திகளைப் பரிமாறும் எஃப்டி8 மோடைப் பயன்படுத்துபவர்கள் 'நிரலே யுடிசியில் எழுதுகிறது, எனக்கு இந்தச் சிக்கல் இல்லை' என்பார்கள். எஃப்டி8-க்கான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் நிரல் யுடிசியில் எழுதுவது உண்மை. ஆனால் அந்த யுடிசியை அது விண்டோஸிடம் கேட்டு வாங்குகிறது. புதிதாக விண்டோஸ் போட்ட கணினியில் நேர மண்டலம் அமெரிக்காவின் பசிபிக் கரை என்றே இருக்க, உரிமையாளர் மண்டலத்தைத் தொடாமல் கடிகாரத்தை மட்டும் நம் நேரத்துக்குத் திருப்பிவைத்திருந்தால், கணினி கணக்கிடும் யுடிசி குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேரம் தப்பு. வேடிக்கை என்னவென்றால், எஃப்டி8 அப்போதும் ஒழுங்காக வேலை செய்யும். அதற்கு 15 நொடிக் கட்டங்கள் ஓரிரு நொடிக்குள் ஒத்துப்போனால் போதும், மணி என்ன என்று அது கவலைப்படாது. திரையில் சிக்னல்கள் வரும், பதில்கள் வரும், தொடர்புகள் முடியும். லாக் முழுவதும் தவறான மணியில் நிறையும். நிரலின் முகப்பில் ஓடும் யுடிசியை ஒரு முறை இணையத்தில் பார்த்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். நேர மண்டலத்தைச் சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுதில்லி என்று காட்டும் வரிக்கு மாற்றிவிட்டு, கடிகாரத்தை இணையத்தோடு இணைத்துவிடுங்கள்.

தவறான நேரத்தில் ஏற்கெனவே பதிவேற்றியிருந்தாலும் பதற வேண்டாம். எல்ஓடிடபிள்யூவில் எதையும் அழிக்க முடியாது. தவறான பதிவுகள் பொருத்தமின்றி ஓரமாகக் கிடக்கும், யாருக்கும் கெடுதல் இல்லை. லாக் நிரலில் மொத்தமாக நேரத்தை நகர்த்தி, திருத்திய கோப்பை மறுபடி அனுப்பினால் போதும். லாக் கோப்பை நோட்பேடில் திறந்து கையால் திருத்துவதுதான் ஆபத்து. லாக்குகளுக்கான பொது வடிவமான ஏடிஐஎஃப் கோப்பில் ஒவ்வொரு தகவலுக்கும் முன்னால் அது எத்தனை எழுத்து என்ற எண் இருக்கும். ஐந்தெழுத்து அழைப்புக்குறியை ஆறெழுத்தாகத் திருத்திவிட்டு எண்ணை 5 என்றே விட்டால் நிரல் முதல் ஐந்தெழுத்தை மட்டும் படிக்கும், கடைசி எழுத்து காணாமல் போகும். நீங்கள் பார்க்கும்போது கோப்பு சரியாகவே தெரியும்!

மோடிலும் ஒரு கவனம் வேண்டும். ஒருவர் எஃப்டி8 என்றும் மற்றவர் பொதுவாக டேட்டா என்றும் எழுதியிருந்தால் பொருந்தும். எஃப்டி8-க்கு எதிரே எஃப்டி4 என்ற வேறொரு மோடு இருந்தால் பொருந்தாது.

நமக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. கட்டுப்படுத்தப்பட்ட வகை உரிமத்தில் வியு3 என்று தொடங்குபவர், பொது வகைத் தேர்வு எழுதி வியு2 ஆகும்போது அழைப்புக்குறியே மாறிவிடுகிறது. எல்ஓடிடபிள்யூவைப் பொறுத்தவரை இவை இரண்டு வெவ்வேறு நிலையங்கள். வியு3 சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியோடு முடிவுத் தேதியும் கொடுத்து வைத்துக்கொண்டு, வியு2-க்குப் புதிய சான்றிதழ் பெற வேண்டும். இரண்டும் ஒரே கணக்கின்கீழ் இருக்கலாம். புதியதின் தொடக்கத் தேதியைச் சோம்பலில் முன்னால் தள்ளி வைத்தால், வியு3 காலத்துத் தொடர்புகளும் வியு2 பெயரில் கையொப்பமாகிப் போய்விடும். எதிராளியின் லாக்கில் இருப்பது வியு3, ஆகவே அவை ஒருநாளும் பொருந்தாது. 'பழைய குறிதான் போய்விட்டதே' என்று அதைக் கைவிடுபவர்கள், தங்களுக்காகக் காத்திருக்கும் அயலூர்க்காரர்களையும் சேர்த்துக் கைவிடுகிறார்கள்.

வெளியூரில், வீட்டில் இல்லை என்பதைக் காட்ட அழைப்புக்குறியோடு '/பி' சேர்த்து ஒலிபரப்பினால் அதுவும் தனிக் குறி, தனிச் சான்றிதழ். அந்தமான் போய் அதற்குரிய வியு4 முன்னொட்டோடு பேசினால் நாடு என்ற இடத்தில் அந்தமான் நிக்கோபார் என்றும், தேதிகள் அந்தப் பயண நாட்கள் மட்டும் என்றும் இருக்க வேண்டும். வீட்டுச் சான்றிதழில் பதிவேற்றினால் குறியே பொருந்தாது. அந்தமானிலிருந்து ஒலிபரப்பே இல்லாமல் 17 ஆண்டுகள் போய், 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையிலான ஹைதராபாத் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனக் குழு அங்கே பேசியதும், அந்த நாட்களிலேயே சுனாமி வந்து அக்குழு மீட்புத் தொடர்புக்கு மாறியதும் பலருக்கு நினைவிருக்கும். அந்தத் தீவின் ஒரே ஒரு உறுதிப்பாட்டுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் உலகெங்கும் உண்டு.

2024 மே மாதம் ஏஆர்ஆர்எல் கணினிகள் மீது நடந்த இணையத் தாக்குதலால் எல்ஓடிடபிள்யூ ஜூலை 1 வரை இயங்கவில்லை. தளம் இருக்கிறதே என்று சொந்த லாக்கை அலட்சியமாக வைத்திருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். மூலக் கோப்பு நம் கையில் இருக்கட்டும். அழைப்புக்குறி மாறும்போதும் கணினி மாறும்போதும் ஒரு நகல் எடுத்துவைப்பது கட்டாயம்.

ஹாம் தேர்வுக்குப் பயிற்சி தரும் மன்றங்களிடம் ஒரு வேண்டுகோள். ஓம் விதியும் மோர்ஸும் சொல்லிக்கொடுக்கும்போதே யுடிசியில் லாக் எழுதுவதையும் ஒரு வகுப்பாக வையுங்கள். முதல் மாதத்து லாக் தவறானால் பிற்பாடு திருத்துவது பெரும்பாடு.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரு தொடர்பு மாதக்கணக்கில் பொருந்தவில்லை என்றால் எதிராளி இன்னும் பதிவேற்றவில்லை என்றுதான் பெரும்பாலும் பொருள். அவர் கடைசியாக எப்போது பதிவேற்றினார் என்பதைத் தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். அண்மையில் பதிவேற்றியிருந்தும் நம்முடையது இல்லையென்றால் நம் குறியை அவர் தவறாக எழுதியிருக்கக்கூடும். மின்னஞ்சலில் தேதி, யுடிசி நேரம், பட்டை, மோடு நான்கையும் எழுதி, 'உங்கள் லாக்கில் பார்க்க முடியுமா' என்று கேளுங்கள். 'நீங்கள் என்ன நேரம் எழுதியிருக்கிறீர்கள்' என்று கேட்டு அதற்கேற்ப நம் லாக்கை மாற்றுவது ஹாம்களிடையே மரியாதையான பழக்கம் அல்ல. பதில் வராவிட்டால் அட்டை அனுப்புங்கள். டிஎக்ஸ்சிசி இன்றும் காகித அட்டையை ஏற்கிறது.

இப்படிக்கு,
அமெச்சூர் வானொலி வாசகர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.