அட்டையில் உன் பெயர்

அன்பு மகன் கதிருக்கு,

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், "சட்டம் படிக்கப் போன இடத்தில் நாடகம் எதற்கு?" என்று கேட்டுவிட்டேன். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. இருபது வருடம் கல்லூரியில் நாடகம் நடத்தியவள் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

விடிந்ததும் எகிப்திய நாடக ஆசிரியர் தவ்ஃபீக் அல்-ஹக்கீமின் நினைவுதான் வந்தது. அவருடைய அப்பா எகிப்தில் நீதித்துறைக்காரர். மகன் கெய்ரோவில் சட்டம் படித்துக்கொண்டே நாடகக் குழுவுக்கு எழுதினான். வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று 'ஹுசைன் தவ்ஃபீக்' என்று பெயரை மாற்றிப் போட்டுக்கொண்டான். சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கி வரட்டும் என்று பாரிசுக்கு அனுப்பினார்கள். அங்கே நாடக அரங்குகளிலேயே கிடந்துவிட்டு, 1928-இல் பட்டமில்லாமல் திரும்பினான். ஐந்தே ஆண்டில், 1933-இல், அவருடைய 'குகைவாசிகள்' நாடகம் வெளிவந்தது. 1935-இல் எகிப்தின் தேசிய நாடகக் குழு அதை மேடையேற்றித்தான் தன் கணக்கைத் தொடங்கியது.

பாத்திரங்கள் எழுத்துமொழியில் பேசுவதா, பேச்சுமொழியில் பேசுவதா என்று கேட்டிருந்தாயே, அரபி நாடகக்காரர்களுக்கு அது தீராத வழக்கு. 1870-இல் யாகூப் சனூ கெய்ரோவில் ஜனங்கள் பேசுகிற அரபியிலேயே நாடகம் போட்டார். 'எகிப்தின் மொலியேர்' என்று அவரைப் பாராட்டிய எகிப்தின் ஆட்சியாளர் கெதீவ் இஸ்மாயிலே இரண்டு ஆண்டுக்குள் அந்த அரங்கை மூடவைத்தார். பின்னால் கவிஞர் அகமது ஷவ்கி தன் நாடகத்தில் அரசி கிளியோபாத்ராவை உயர்ந்த செய்யுளில் பேசவைத்தார்.

1956-இல் ஹக்கீம், நிலம் வாங்கத் தவிக்கும் குடியானவர்களை வைத்து 'பேரம்' எழுதினார். அதில் அவர் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்பு. அரபி எழுத்தில் குறில் உயிர்களை எழுதுவதில்லை. இதயத்துக்கு அவர்கள் சொல் 'கல்ப்'. ஏட்டுமொழியில், முதல் எழுத்து அடித்தொண்டையிலிருந்து வரும். கெய்ரோக்காரர் அதை விழுங்கி 'அல்ப்' என்பார். எகிப்தின் தெற்கே போனால், அந்த இடத்தில் நாம் 'கங்கை' என்று சொல்லத் தொடங்குகிற ஒலி வரும். எழுதுவதோ எல்லோருக்கும் ஒன்றுதான். இலக்கணப்படி வாசித்தால் ஏட்டுமொழி, ஊர் வாயில் சொன்னால் பேச்சுமொழி என்று இரண்டுக்கும் பொருந்தும் சொற்களாகப் பொறுக்கி நாடகம் முழுவதையும் எழுதினார். 'மூன்றாம் மொழி' என்று அதற்குப் பெயர்.

இன்னொரு எகிப்திய எழுத்தாளர் யூசுஃப் இத்ரீஸ் வேறு வழி போனார். கிராமத்தில் இரவு ஜனங்கள் வட்டமாகக் கூடிக் கதையும் கூத்துமாக இருக்கும் 'சாமிர்' தான் எங்கள் அரங்கு என்றார். 1964-இல் வந்த அவருடைய 'ஃபராஃபீர்' எஜமானும் வேலையாளும் வாதாடுகிற நாடகம். செத்த பிறகும் வேலையாள் எஜமானைச் சுற்றிக்கொண்டே இருப்பான், அணுவுக்குள் எலக்ட்ரான் சுற்றுவதுபோல. இதற்கு ஒரு வழி சொல்லுங்கள் என்று பார்வையாளர்களைப் பார்த்துக் கெஞ்சுவான். அந்த இடத்தை வகுப்பில் படித்துக் காட்டும்போதெல்லாம் எனக்குக் குரல் அடைத்துவிடும்.

நீ எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார், கண்ணா. தேர்வுக் கட்டணத்தை மறக்காமல் கட்டிவிடு. முதல் காட்சியை எனக்கு அனுப்பு. அட்டையில் உன் பெயரை முழுதாக எழுது.

அன்புடன்,
அம்மா