வலியும் பலியும் பேசும் அச்சோவியங்கள்: படநூலுக்கு நன்கொடை வேண்டுகோள்

அனைவருக்கும் வணக்கம்.

உடல் படும் வேதனையையும் தியாகத்தையும் ஐரோப்பிய அச்சோவியர்கள் (மரத்திலோ உலோகத் தகட்டிலோ படம் செதுக்கி, மை தடவித் தாளில் அச்செடுப்பவர்கள்) எப்படிக் குறியீடாக்கினார்கள் என்று விளக்கும் படநூல் ஒன்றைத் தமிழில் கொண்டுவருகிறோம். கட்டுரைகள் தயார். அச்சுச் செலவுக்குத்தான் உங்கள் கை வேண்டும்.

ஜெர்மன் பெண் ஓவியர் கேத்தே கொல்விட்ஸ் 1922-இல் மரத்தில் செதுக்கிய ‘பலி’ என்ற படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆடையற்ற தாய் ஒருத்தி பச்சிளங்குழந்தையை இரு கைகளிலும் ஏந்தி நீட்டுகிறாள். வாங்கிக்கொள்ள எதிரே யாருமில்லை. கொல்விட்ஸின் மகன் பீட்டர் 1914 அக்டோபரில், 18 வயதில், முதல் உலகப் போர்முனையில் மாண்டவன். பட்டாளத்தில் சேர அப்பா சம்மதிக்காதபோது, அவனுக்காகப் பேசிச் சம்மதம் வாங்கித் தந்ததே தாயான கொல்விட்ஸ்தான். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், அந்தக் கைகள் கொடுக்கின்றனவா, கொடுக்க மறுக்கின்றனவா என்று சொல்லவே முடியாது. எங்களைப் பொறுத்தவரை நூலின் உயிரே அந்தப் படம்தான்.

அதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பு, கிறிஸ்தவப் படங்களில் வேதனைக்கு ஒரு பயன் இருந்தது. புனிதர்களை வதைத்த கருவியே அவர்களின் அடையாளமானது: செபஸ்தியாருக்கு அம்பு, கத்தரீனுக்குச் சக்கரம். ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் இயேசு பட்ட பாடுகளைக் காட்டி 1511-இல் வெளியிட்ட ‘சிறிய பாடுகள்’ வரிசையின் 37 மரச்செதுக்குப் படங்களும் உள்ளங்கைக்குள் அடங்குபவை. கையில் வைத்துத் தியானிக்கவே செய்யப்பட்டவை. ஸ்பெயின் ஓவியர் கோயாவிடம் வந்தால் அந்த ஆறுதல் இல்லை. ‘போரின் பேரழிவுகள்’ வரிசையின் 39-ஆம் படத்தில் வெட்டுண்ட உடல்கள் மரத்தில் தொங்குகின்றன. ஒளிவட்டமும் இல்லை, வானதூதரும் இல்லை. 80 தகடுகள் கொண்ட அந்த வரிசை, அவர் இறந்து 35 ஆண்டுகள் கழித்து, 1863-இல்தான் வெளியானது.

இந்தப் படங்கள் எல்லாமே காப்புரிமைக் காலம் கடந்தவை. தெளிவான பிரதிகளைச் சில அருங்காட்சியகங்கள் இலவசமாகவே தருகின்றன. அப்புறம் ஏன் இவ்வளவு செலவு என்று கேட்கலாம். மலிவுத்தாளில் கொல்விட்ஸின் கறுப்பு சாம்பலாக வெளுத்துவிடும். கோயாவின் மெல்லிய கோடுகள் மையில் அடைத்துக்கொள்ளும். டியூரரின் படங்களை அசல் அளவிலேயே போடுகிறோம். ஆகவே தாளின் தரத்திலும் அச்சின் தரத்திலும் சிக்கனம் பார்க்க எங்களுக்கு மனமில்லை.

சிறு தொகையானாலும் சரி, மகிழ்ச்சியோடு ஏற்போம். ஒவ்வொரு நன்கொடைக்கும் ரசீது உண்டு. விரும்புவோரின் பெயர் நூலில் இடம்பெறும். வரவு செலவுக் கணக்கை நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்புவோம். பணம் மிஞ்சினால், கூடுதல் பிரதிகள் அச்சிட்டு நூலகங்களுக்கும் ஓவிய மாணவர்களுக்கும் இலவசமாகக் கொடுப்போம். உதவ நினைப்பவர்கள் குழு உறுப்பினர் எவரிடமும் சொல்லலாம்.

நன்றியுடன்,
படநூல் குழுவினர்